முள் எஃப்-இல், தாங்கியோ காலி

பெற்றோல் முள் எந்நேரமும் நிறையக் காட்டுகிற காரைப் பழுதென்று யாரும் நினைப்பதில்லை. வெறுமை காட்டினால்தான் வயிறு கலங்கும். எங்கள் மொறிஸ் மைனர் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. பல வருடங்களாக முள் வெறுமையைக் குறிக்கும் ஈ-யில் (E) செத்துக் கிடந்தது. அப்புறம் அடிப்பக்கம் துருத் தட்டிப் பெயின்ற் அடித்து வீட்டுக்கு வந்த அன்று, திறப்பைத் திருப்பியதும் விருட்டென்று எழும்பி, நிறைவைக் குறிக்கும் எஃப்-ஐயும் (F) தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பெயின்ற் அடிச்சதிலை மீற்றரும் திருந்திட்டுது, பாத்தியோ?" என்றார்.

கார் 1957ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சீசீ எஞ்சின், ஸ்ரீ எழுத்துக்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு எங்களுடைய பாசம் மட்டும் காரணமில்லை. புதுக் கார் வாங்க வழியில்லாத காலங்கள் அடிக்கடி வந்துபோயின. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணிலும் படவில்லை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அப்பாவும் அப்படித்தான் ஓடினார். அந்த நாட்களில் பெற்றோல் தாங்கிக்குள் என்னென்ன போனது என்று கேட்டால் இப்போதும் சிரித்துக்கொண்டு கதையை மாற்றுவார்.

முள் இல்லாமல் எப்படி ஓடினார்கள் என்றால், காதால்தான். மைனருக்கு எஸ்.யூ. மின்சார பெற்றோல் பம்ப். திறப்பைத் திருப்பியதும் பொனெற்றுக்குள் டிக், டிக், டிக் என்று அடிக்கும். காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓடும்போது இடைக்கிடை அடிக்கும். தாங்கி வற்றிவிட்டால் பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு ஓயாமல் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எஞ்சின் நிற்கப் போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் அறிய வேண்டுமென்றால், பின் பம்பரைப் பிடித்துக் காரை ஆட்டி உள்ளே தளும்புவதைக் கேட்க வேண்டும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தபோதும் நாங்கள் பம்பரை ஆட்டித்தான் கணக்குப் பார்த்தோம்.

ஆனால் இப்போது காரை நான்தான் கூடுதலாக ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், காலையில் சேலையோடு நின்று பம்பர் ஆட்டுவது வடிவாக இல்லை. ஆகவே வழக்கமான கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜ் அண்ணை நல்ல வேலைகாரன். காபரேற்றரைச் சத்தத்தை வைத்தே சரிபண்ணுவார். டிக்கியைத் திறந்து, தாங்கியின் மேலிருந்து பெற்றோல் மட்டத்தைக் கேஜுக்குச் சொல்லுகிற யூனிட்டில் வந்து ஏறுகிற வயரைக் கழற்றி, அதன் நுனியைக் காரின் உடம்பில் தொட்டார், அதாவது எர்த் கொடுத்தார். முன்னால் இருந்த பொடியன் எட்டிப் பார்த்து, "முள் ஈ-க்கு விழுந்திட்டுது அண்ணை" என்று கத்தினான்.

"ரீச்சர், கேஜ் முடிஞ்சுது. எர்த் குடுத்தா முள் ஃபுல்லுக்கு ஏறவேணும். இது இறங்குது. மோட்டச்சைக்கிள் கேஜ் ஒண்டு பூட்டி விடுறன்."

"அண்ணை, பொறுங்கோ. வயரை ஒண்டிலையும் படாமல் பிடிச்சுக்கொண்டு ஒருக்காப் பாருங்கோ."

பிடித்தார். முள் உடனே எஃப்-க்கு ஏறியது. தொட்டார், விழுந்தது. எடுத்தார், ஏறியது. "இதென்ன தலைகீழாய் வேலை செய்யுது" என்று அவர் சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. கேஜில் ஒரு பழுதும் இல்லை.

பெற்றோல் கேஜ்களில் பெரும்பாலும் இரண்டு சாதி. அண்ணை தினமும் பார்க்கிற ஜப்பான் வாகனங்களிலும், அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்திய பல பிரித்தானியக் கார்களிலும், தாங்கி நிறைய இருக்கும்போது யூனிட்டின் மின்தடை குறையும். அவற்றில் வயரை எர்த்தில் தொட்டால் முள் எஃப்-க்கு ஏறும். எங்கள் காரில் இருப்பது அதற்கு முந்திய ஸ்மித்ஸ் கேஜ். உள்ளே இரண்டு சுருள்கள், நடுவில் முள்ளோடு சேர்ந்த ஒரு சிறு இரும்புத் துண்டு. ஒரு சுருள் முள்ளை ஈ பக்கம் இழுக்கும், மற்றது எஃப் பக்கம் இழுக்கும். எஃப் பக்கம் இழுக்கிற சுருளுக்குச் சமாந்தரமாகத்தான் தாங்கி யூனிட் இணைந்திருக்கிறது. தாங்கி வெறுமையாக இருக்கும்போது யூனிட்டின் தடை கிட்டத்தட்ட பூச்சியம். மின்னோட்டம் முழுவதும் அந்தப் பக்கத்தால் எர்த்துக்கு ஓடிவிட, எஃப் சுருளுக்கு ஒன்றும் கிடைக்காது, முள் ஈ-யில் படுக்கும். தாங்கி நிறைய நிற்கும்போது தடை சுமார் 70 ஓம். அப்போது எஃப் சுருளுக்கும் பங்கு கிடைத்து முள் எழும்பும். வயர் அறுந்துவிட்டாலோ பங்கு முழுவதும் அதற்குத்தான். முள் எஃப்-ஐத் தாண்டி ஓடும்.

ஆகவே இந்தக் கேஜில் அறுந்த வயர் நிறையக் காட்டும், எர்த்தில் முட்டிய வயர் வெறுமை காட்டும். மற்றச் சாதியில் அப்படியே எதிர்மாறு. இணையத்தில் கிடைக்கிற விளக்கங்களில் பாதி ஒரு சாதிக்கும் மீதி மற்றதற்கும் எழுதியவை. எது எதற்கென்று பலர் சொல்வதில்லை. அதை நம்பி வேலை தொடங்கினால் நல்ல கேஜைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்ட யூனிட்டை வைத்திருப்பீர்கள்.

உங்கள் காரில் எது என்று அறிய ஒன்றையும் கழற்றத் தேவையில்லை. திறப்பைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். உடனே துள்ளி எழும்பினால் எங்களுடையதைப் போன்ற சுருள் கேஜ். ஆறுதலாக, சோம்பலாக ஏறி வந்து நின்றால் உள்ளே சூடாகி வளைகிற ஈருலோகத் தகடு இருக்கிறது. சுருள் கேஜ் ஒழுங்கை முடக்குகளில் திரும்பும்போது பெற்றோல் தளும்புவதற்கு ஏற்ப முள்ளை ஆட்டும். கோண்டாவில் பக்கத்து ஒழுங்கைகளில் எங்கள் முள் இடைவிடாமல் தலையாட்டிக்கொண்டே வரும். அது பழுது இல்லை, அதன் குணம்.

கேஜும் வயரும் நல்லவை என்று தெரிந்துவிட்டதால் காரை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். மிச்சம் தாங்கிப் பக்கத்து வேலை. பழைய பிரித்தானியக் கார்களில் வயர் நிறங்களை மறக்காமல் இருப்பது பெரிய உதவி. பியூஸ் பெட்டியிலிருந்து கேஜுக்கு வருவது பச்சை, கேஜிலிருந்து தாங்கிக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு, எர்த் கறுப்பு. பச்சை வயர்க் கூட்டத்திலேயே பிறேக் லைற், வைப்பர் எல்லாம் இருப்பதால், முள் செத்து அவையும் செத்திருந்தால் தாங்கிப் பக்கம் போகவே வேண்டாம். பியூஸைப் பாருங்கள். இன்னொன்று, இந்தக் கார்களில் பற்றறியின் நேர் முனைதான் எர்த். மல்ரிமீற்றரைப் பழக்கத்தில் பிடித்தால் வோல்ற்றளவு கழித்தல் குறியோடு வரும். பயப்பட வேண்டாம்.

வயரை யூனிட்டில் திரும்பப் பூட்டினேன். முள் எஃப்-க்கு மேலேதான். ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு நுனியை யூனிட்டின் விளிம்பிலும் மறு நுனியைச் சுரண்டிய உடம்பிலும் அழுத்திப் பிடித்தேன். பொத்தென்று ஈ-க்கு விழுந்தது. பெயின்ற் வேலையின் கைங்கரியம் அதுதான். யூனிட்டுக்கென்று தனி எர்த் வயர் கிடையாது. அதன் ஸ்குரூக்களால் தாங்கிக்கும், தாங்கியைப் பிடிக்கிற ஸ்குரூக்களால் காரின் உடம்புக்கும் என்றுதான் மின்னோட்டம் போக வேண்டும். தாங்கியை இறக்கித் துருத் தட்டி, விளிம்பு முழுவதும் தடிப்பாகப் பெயின்ற் அடித்து, சீலிங் பசையும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தண்ணீர் போகாது, மின்னும் போகாது.

சரி, எர்த் கிடைத்ததும் முள் ஈ-க்குப் போனதே. தாங்கியிலோ பாதிக்குக் கிட்டப் பெற்றோல் தளும்புகிறது. பல வருடமாக முள் ஈ-யில் கிடந்ததற்கான பழைய பழுது இன்னும் உள்ளேயே இருந்தது. எர்த் போன பழுது அதை மூடிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். பழங்கார்களில் ஒரு பழுதுக்கு ஒரு காரணம் என்று தேடினால் இந்த இடத்தில் குழம்பிப் போவோம்.

யூனிட்டைக் கழற்ற வேண்டும். தாங்கியின் மேற்பக்கத்தில் இருப்பதால் பெற்றோலை வடிக்கத் தேவையில்லை, ஆனால் ஆவி இருக்கிறது. காரை வளவுக்குள் மாமரத்தடிக்குத் தள்ளி, பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவையும் அவரது சுருட்டையும் படலையடிக்கு அனுப்பினேன். படலையில் நின்றபடியே, "பாத்துக் கழட்டு, கோர்க் பிஞ்சிடும்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த ஸ்குரூக்களுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். தலை தேய்ந்துவிடாமல் பெரிய திருப்பியால் நெட்டாக அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். கழன்றன. கசியாமல் இடையில் வைக்கிற கோர்க் கஸ்கெற் அப்பா சொன்னபடியே பிய்ந்துதான் வந்தது.

யூனிட்டை வெளியே எடுக்கும்போது ஒரு கை வேண்டும், ஒரு நிதானம் வேண்டும். நீட்டுக் கம்பியும் அதன் நுனியில் மிதவையும் ஓட்டைக்குள்ளால் ஒரு குறிப்பிட்ட சரிவில்தான் வரும். இழுத்தால் கம்பி வளையும், வளைந்தால் அளவு பிசகும். சரித்துச் சரித்து எடுத்தேன். மிதவை பித்தளை, உள்ளே வெறும் காற்று இருக்க வேண்டியது. காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினேன். களுக், களுக்.

பெற்றோல் நிரம்பிய மிதவை மிதக்குமா? அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். யூனிட்டின் தடை பூச்சியத்தில் நிற்கும். முள்ளும் ஈ-யை விட்டு அசையாது.

எங்கே ஓட்டை என்று கண்ணால் தெரியவில்லை. சுடுதண்ணீருக்குள் அமிழ்த்தினால் குமிழி காட்டிக் கொடுக்கும். ஆனால் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அடுப்புக்குத் தூரமாகக் கொண்டுவந்து வளவில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பெற்றோலின் இலகுவான பகுதி 40 பாகை செல்சியஸுக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். குமிழி வரிசையாக எழும்பியது, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஈயம் ஒட்டிய விளிம்பில், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பிலிருந்து.

உள்ளே இருப்பதை வெளியேற்றாமல் சூடான ஈயக்கோலைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. வெடிப்பால் மட்டும் வடியவிட்டால் ஒரு சொட்டும் வராது. எதிர்ப்பக்கத்தில் தடித்த ஊசியால் ஒரு துளை போட்டேன், ரின்பாலுக்கு இரண்டு துளை போடுவதுபோல. ஒன்றால் காற்றுப் போக, மற்றதால் பெற்றோல் வடிந்தது. பழைய மண்ணெண்ணெயின் மணமும் கலந்திருந்ததாக அப்பா அடித்துச் சொல்கிறார், எனக்குத் தெரியவில்லை. பிறகு மணம் முற்றாகப் போகும்வரை யாழ்ப்பாணத்து வெயிலில் காயவிட்டேன். இந்த விஷயத்தில் எங்கள் வெயிலுக்குக் குறை சொல்ல முடியாது.

ஈயம் ஒட்டும்போது ஒரு தொல்லை வரும். வெடிப்பை அடைத்து, கடைசியாகத் துளையை அடைக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, உருகிய ஈயத்தை ஊதி வெளியே தள்ளும். மேலே பளபளவென்று இருக்கும், நடுவில் ஊசித் துவாரம். வெடிப்பை முதலில் ஒட்டி, மிதவையை நன்றாக ஆறவிட்டு, ஈரத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, துளையின் மேல் ஈயக்கோலைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஈயத்தையும் அள்ளி அப்பக் கூடாது. மிதவையின் பாரம் கூடினால் அது தாழ்ந்து மிதக்கும், முள்ளும் அதற்கேற்பக் குறைத்துக் காட்டும். திரும்பவும் சுடுதண்ணீர். குமிழி இல்லை.

மிதவையைப் பூட்டி, மல்ரிமீற்றரின் ஒரு நுனியை யூனிட்டின் முனையிலும் மற்றதை விளிம்பிலும் வைத்துக் கம்பியை மெல்ல உயர்த்தினேன். பூச்சியத்துக்குக் கிட்டத் தொடங்கி 10, 20, 30 ஓம் என்று ஒழுங்காக ஏறியது. நடுவில் ஓரிடத்தில் எண் காணாமல் போனது. கொஞ்சம் தள்ளினால் திரும்ப வந்தது. இந்தச் சாதிக் கேஜில் இணைப்பு விடுபட்டால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேனே. அரைத் தாங்கியில் ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று எஃப்-க்குத் தாவும்.

யூனிட்டின் மூடியைத் திறந்தால், மெல்லிய தடைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிய ஒரு பட்டை. அதன் விளிம்பில் ஒரு சிறு நாக்கு உரசிக்கொண்டு போகும். உரசின தடம் பளபளப்பாகவும், நடுவில் ஒரு பகுதி கறுத்தும் இருந்தது. கம்பி அறுந்திருந்தால் புது யூனிட்தான் கதி. அறவில்லை, அழுக்கும் தேய்வும்தான். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, நாக்கைக் குறடால் சற்றே பக்கவாட்டில் வளைத்து, தேயாத புதுத் தடத்தில் உரச வைத்தேன். அரத்தாள் போட வேண்டாம். அந்தக் கம்பி அதைத் தாங்காது.

புதுக் கஸ்கெற்றுக்கு ஸ்ரான்லி வீதிப் பக்கத்தில் ஒரு கடையில் கோர்க் தாள் வாங்கி, பழைய துண்டுகளைப் பொருத்திக் கோடு கீறி வெட்டினேன். பூட்டும்போது ஒரு ஸ்குரூவின் அடியில் வளையமுனை வைத்து, கறுப்பு எர்த் வயர் ஒன்றை நேராக உடம்புக்கு இழுத்துவிட்டேன். தொழிற்சாலையில் இல்லாத வயர்தான். "ஒறிஜினல்" பிரியர்கள் முகம் சுளிக்கலாம். இனி யார் எவ்வளவு பெயின்ற் அடித்தாலும் எங்கள் முள்ளுக்குக் கவலையில்லை.

கேஜ் உண்மை பேசத் தொடங்கியதும் அதன் பேச்சு வழக்கைப் பழக வேண்டும். தாங்கி ஆறரைக் கலன், அதாவது 29 லீற்றருக்குச் சற்றுக் கூட. பெற்றோல் செட்டில் ஐந்தைந்து லீற்றராக அடித்து, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் சிறு ஒட்டுநாடாவில் குறித்தேன். வரிசையில் பின்னால் நின்ற முச்சக்கரவண்டித் தம்பி, "அக்கா, என்ன பரிசோதனையோ?" என்று கேட்டார். அரைத் தாங்கிக்கு முள் நடுக்கோட்டைவிடச் சற்று மேலே நிற்கிறது. அதைத் திருத்தப் போகவில்லை. கீழ்ப்பக்கத்தை மட்டும் கவனித்தேன். முள் ஈ-யைத் தொடும்போது ஒரு கலன் அளவு மிச்சம் இருக்கும்படி மிதவைக் கம்பியை இன்னொரு முறை வெளியே எடுத்து மெல்ல வளைத்துவிட்டேன். கிளிநொச்சி தாண்டி வவுனியாப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஒரு கலன் முக்கியம்.

இதையெல்லாம் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு மாமா தன் மினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எழுபதுகளின் கார். பெற்றோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டுகின்றன என்றார். எஞ்சின் கொதிக்கவில்லை, பெற்றோலும் அவ்வளவு இல்லை. திறப்பைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு முள்ளும் ஆறுதலாக ஏறின. தகட்டுச் சாதி. அந்தக் கேஜ்களுக்குப் பற்றறியின் 12 வோல்ற் நேரடியாகப் போகக் கூடாது. நடுவில் ஒரு சிறு நிலைப்படுத்தி இருந்து சராசரியாக 10 வோல்ற் கொடுக்க வேண்டும். இரண்டு முள்ளும் ஒன்றாகப் பிசகினால் தாங்கியைத் திறக்காமல் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டாஷ்போட்டின் பின்னால் கையை விட்டுத் தடவினால், அதைப் பிடிக்கிற ஸ்குரூ தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நிலைப்படுத்திக்கு எர்த் கிடையாமல் போனால் அது தன் வேலையைச் செய்யாது, முழு வோல்ற்றும் கேஜ்களுக்குப் போய்விடும். அடியைச் சுரண்டி இறுக்கியதும் இரண்டு முள்ளும் இறங்கி உரிய இடத்தில் நின்றன. மாமாவின் பெற்றோல் உண்மையில் கால் தாங்கிதான். அவர் நேரே செட்டுக்குப் போனார்.